மூடியைத் திறக்க விடாதே

பொன்னேரி
6-7-1971

மாமாவுக்கு கோவிந்தம்மா எழுதுவது.

கட்டுப் போட்ட காலில் அரிப்பு தாங்காமல் விளக்குமாற்றுக் குச்சியை உள்ளே விட்டுச் சொறிகிறீர்களாம். அண்ணி எழுதியிருந்தார்கள். எலும்பு கூடுகிற நேரத்தில் அந்த வேலை வேண்டாம். அக்கா வீட்டில் இருக்கிறோம், கேட்க ஆளில்லை என்று நினைக்காதீர்கள். புத்தூரில் நடப்பது இங்கே எனக்கு வந்துவிடுகிறது.

உங்கள் மூத்த சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை. வேப்பமரத்தடியில் நிற்கிறாளே, அவளைத்தான் சொல்கிறேன். நீங்கள் தடாவில் பம்பரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட அன்று, லாரியைக் கட்டி இழுத்து வந்து விட்டார்கள் அல்லவா? அன்றிலிருந்து அதன் அடியில் ஈரம் காயவே இல்லை. ரேடியேட்டரில் குடம் குடமாக ஊற்றினாலும் மறுநாள் காலையில் பாதி இல்லை. துருவும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர், டீசல் நாற்றத்தோடு. நம் கோழிகள் எல்லாம் இப்போது அங்கேதான் போய்க் குடிக்கின்றன.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகக் கட்டுகிற ஃபாக்டரிக்குச் செங்கல் லோடு அடிக்க ஒத்துக்கொண்டிருந்தீர்களே, அந்த மேஸ்திரி நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னாமா, ஆவணி ஒண்ணாந் தேதி வண்டி ஓடுமா ஓடாதா? ஒரே வார்த்தை சொல்லிடு. உன் ஊட்டுக்காரர் கால் சேர்ற வரிக்கும் யாரும் குந்திக்கினு இருக்க மாட்டாங்க" என்றார். ஓடும் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்து நடக்கிறவரை என் அண்ணன் நாகமுத்து ஓட்டுவான். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அவனுக்கு ரிப்பேர் தெரியாது. அரசப்பனைக் கூப்பிட்டு வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிடலாம் என்கிறான். சோழவரத்தில் ரேஸ் கார்களுக்கு ரேடியேட்டர் பற்றவைக்கிறானே, என் மாமன் மகன், அவன்தான். ஓட்டை எங்கே என்று உங்களுக்குத் தெரியுமானால் எழுதுங்கள்.

இன்னொன்று. நான் பிஸ்கட் டின்னில் வைத்திருந்த பூசு மஞ்சள் தூளைக் காணோம். கிச்சிலிக்கிழங்கும் பச்சைப்பயறும் சேர்த்து ஒரு வருஷத்துக்கென்று அரைத்து வைத்தது. டின் இருக்கிறது, உள்ளே துளிகூட இல்லை. பக்கத்து வீட்டு அஞ்சம்மாளைச் சந்தேகப்பட்டு நாலு நாள் பேசாமல் இருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் கடைசியாகக் கிளம்பிய அன்று அடுக்களையில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தீர்கள். தடாவில் டீக்கடை வைத்திருக்கிற சாராளுக்கு மஞ்சள் பூசினால் முகம் எடுப்பாகத்தான் இருக்கும்.

கோவிந்தம்மா


புத்தூர்
9-7-1971

கோவிந்தம்மாவுக்கு,

வண்டியில் ஓட்டை இல்லை. என் வண்டியை எனக்குத் தெரியும். நின்ற வண்டியில் கொஞ்சம் தண்ணீர் சொட்டும், ஓட்டினால் சரியாகிவிடும். தண்ணீர் ஊற்றி ஓட்டச் சொல். யாரும் ஸ்பானரைத் தொடக் கூடாது. முக்கியமாக அந்த ரேஸ்கார மாமன் மகன் தொடக் கூடாது. சாராள் பற்றி எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மஞ்சளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கால் பரவாயில்லை.

லோகநாதன்


பொன்னேரி
13-7-1971

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் எனக்கு வருவதற்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. போஸ்ட் கார்டில் எழுதினால் வேறென்ன நடக்கும்? போஸ்ட்மேன் டீக்கடையில் உட்கார்ந்து படித்திருக்கிறார். என் கையில் கொடுக்கும்போது, "வண்டில ஓட்டை இல்லியாம்மா. ஓட்டினா சரியாப் பூடுமாம்" என்று விஷயத்தையும் சேர்த்துக் கொடுத்தார். டீக்கடையில் இருந்தவன் ஒருவன், "சாராள்னா யாருக்கா?" என்று கேட்டான். இனி இன்லாண்டு லெட்டரில் எழுதுங்கள். முடியாதென்றால் எழுதவே வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி அண்ணன் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தான். ரயில்வே கேட் தாண்டவில்லை, ஆவி பறந்தது. தள்ளிக்கொண்டு வர ஏழெட்டுப் பேர் வேண்டியிருந்தது. அத்தனை பேரும், "ஓட்டினா சரியாப் பூடும்னு உன் ஊட்டுக்காரர் எழுதிருந்தாரே" என்று கேட்டுக்கொண்டே தள்ளினார்கள்.

இப்போது நான் கேட்கிறேன். ஓட்டை இல்லாத வண்டிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் ஒவ்வொரு நடையும் தடாவில் நிறுத்தினீர்களா? பொன்னேரியிலிருந்து கிளம்பினால் வழியில் எத்தனை ஊர், எத்தனை கிணறு. ஒன்றிலும் தண்ணீர் இல்லையா? சாராள் கடைக்கு முன்னால்தான் விழுந்தீர்கள். சாராள்தான் சோடா கொடுத்தாள். சாராள் கையைப் பிடித்துக்கொண்டுதான் புத்தூருக்கு வர வேறு லாரியில் ஏறினீர்களாம். இதையெல்லாம் நான் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வண்டியில் ஓட்டை இருந்திருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அரசப்பன் வேண்டாமென்றால் வேறு மெக்கானிக் யாரென்று எழுதுங்கள். அதுவும் எழுதாமல், இதுவும் வேண்டாமென்றால் ஆவணியில் அந்தச் செங்கல்லை நான் தலையிலா சுமப்பேன்?

கோவிந்தம்மா


புத்தூர்
17-7-1971

கோவிந்தம்மாவுக்கு லோகநாதன் எழுதுவது.

இன்லாண்டிலேயே எழுதுகிறேன். எங்கள் அக்கா தாயாரம்மாள் கையில் கிடைக்காமல், பசையை நானே ஒட்டுகிறேன்.

மூங்கில் தப்பை வைத்துக் கட்டிய காலோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு யோசனைதான் வேலை. நான் யோசித்ததெல்லாம் ஒரே ஆளைப் பற்றி. எத்தனையோ மெக்கானிக் இருக்க, உன் அண்ணன் வாயில் அவன் பெயர் ஏன் வருகிறது? அவனாக வரவில்லை. நீ வரவழைத்திருப்பாய்.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. இந்த லாரியை நான் பேசி முடித்த அன்று பழவேற்காட்டில் உன் நைனா வீட்டு வாசலில் எல்லோரும் இருந்தோம். அவன் பேன்ட் பையில் கையை விட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். "ரேடியேட்டர் பூட்ச்சிண்ணா. இத்த வாங்காதே" என்றான். உன் நைனா என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். நான் அவனுடைய பேச்சுக்காகவே அன்று மாலைக்குள் வாங்கினேன். இப்போது அவனே வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று என் வாசலில் நின்று சொல்ல வேண்டும், அதை நீ காது குளிரக் கேட்க வேண்டும். அதற்குத்தானே இத்தனையும்?

அதற்கு முந்தியும் ஒன்று இருக்கிறது. நமக்குக் கல்யாணமான வருஷம், ஆடியில் உங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய மறுநாள். முறைப் பையன்கள் மேல் பெண்கள் மஞ்சத்தண்ணி ஊற்றுகிற விளையாட்டு. நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு அவனைத் துரத்தினாய். அவன் படகுக்குப் பின்னால் ஒளிந்தான். நீ தேடிப் பிடித்து ஊற்றிவிட்டுச் சிரித்தாய். நான் புது மாப்பிள்ளை, வேட்டி சட்டையோடு ஓரமாக நின்றேன். அந்தச் சிரிப்பை நீ இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்கவில்லை. அவன் உன்னைவிட ஆறு மாசம் சின்னவன் என்பதால்தான் உன்னை எனக்குக் கொடுத்தார்கள். ஆறு மாசம் முந்திப் பிறந்திருந்தால் நான் எங்கே, நீ எங்கே?

எனக்குப் பொறாமைதான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

தண்ணீர் சொட்டுகிற இடத்தில் பார் சோப்பை நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல். லாரிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் அது. அடியில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். மேல் மூடியை மட்டும் யாரையும் திறக்க விடாதே. தண்ணீர் ஊற்றுவதென்றால் நாகமுத்து மட்டும் ஊற்றட்டும், அவனும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

அவன் என் வாசற்படியை மிதித்தான் என்று தெரிந்தால் நான் பொன்னேரிக்கு வரமாட்டேன். கால் சரியானாலும் இங்கேயே அக்கா வீட்டில் இருந்துவிடுவேன்.

லோகநாதன்


பொன்னேரி
21-7-1971

மாமாவுக்கு,

துணி துவைக்கிற சோப்பு ஒரு முழுக் கட்டி போயிற்று. ஒரு இடத்தில் அடைத்தால் பக்கத்தில் இரண்டு இடத்தில் கசிகிறது. லாரி இப்போது சுத்தமாக இருக்கிறது, நுரை வருகிறது, தண்ணீர் நிற்கவில்லை.

மேஸ்திரி மறுபடியும் ஆள் அனுப்பினார். வேறு லாரி பேசிக்கொண்டிருக்கிறாராம். இந்த வேலை போனால் வண்டியும் போகும், அதோடு நம் பிழைப்பும் போகும். உங்களுக்கு இது தெரியாததல்ல.

வாசற்படியை மிதிக்கக் கூடாது என்கிறீர்கள். லாரி வாசற்படிக்கு வெளியேதான் நிற்கிறது. வருகிற ஞாயிறு இங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். திங்கட்கிழமை அரசப்பனுக்கு லீவாம், வரச் சொல்லிவிட்டேன். அண்ணனும் கூட இருப்பான். உங்களிடம் மறைத்துச் செய்யவில்லை, முன்கூட்டியே எழுதுகிறேன். நீங்கள்தான் என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள். மூடியைத் திறக்காதே என்கிறீர்கள், ஏனென்று கேட்காதே என்கிறீர்கள். ரேடியேட்டருக்குள் சாராள் படத்தையா வைத்திருக்கிறீர்கள்?

பழவேற்காட்டுச் சிரிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே எனக்குச் சிரிக்க நேரம் இருந்தது. இங்கே வாரத்தில் ஐந்து நாள் நீங்கள் ரோட்டில். வந்தால் வண்டியைத் துடைக்கிறீர்கள், அதன் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறீர்கள், எஞ்சினில் காதை வைத்துக் கேட்கிறீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று படுத்திருந்தால், "இன்னா, தலைவலியா?" என்று வாசலிலிருந்தே கேட்டுவிட்டுப் போகிறீர்கள். பொறாமை என்று எழுதினீர்களே, அது உங்களுக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா? எனக்கு இரண்டு பேர் மேல் இருக்கிறது. ஒருத்தி தடாவில், இன்னொருத்தி வேப்பமரத்தடியில்.

மஞ்சளை அவளுக்குக் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். அழுது முடித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

கோவிந்தம்மா


புத்தூர்
30-7-1971

கோவிந்தம்மா,

மாரியப்பன் வந்துவிட்டுப் போனான். திருப்பதிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிற வழியில், என்னோடு லாரி ஓட்டிய பழக்கத்துக்கு, காலை விசாரிக்க வந்தான். வந்தவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காப்பியைக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தான். இன்னாடா என்றேன். "ஒண்ணுமில்லண்ணா" என்றான். அக்கா வற்புறுத்தினாள், சொன்னான்.

திங்கட்கிழமை நம் வீட்டைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கிப் பார்த்திருக்கிறான். "அரசப்பன் நிக்கிறான்ணா, தலையிலர்ந்து இடுப்பு வரிக்கும் மஞ்சத்தண்ணி. அண்ணி கையில குடம். அண்ணி பொடவையும் மஞ்சளாத்தான் கீது. அண்ணி சிரிச்சிக்கினு நிக்கிறாங்க. நான் ஹாரன் அடிச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றான்.

கூழ் ஊற்றிய மறுநாள். முறைப் பையன். குடம். சிரிப்பு. நான் நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே காட்சி, இந்தத் தடவை என் வீட்டு வாசலில், என் லாரியின் பக்கத்தில். அதுவும் நான் கால் ஒடிந்து கிடக்கும்போது. உன் அண்ணன் கூட இருப்பான் என்று எழுதினாயே, மாரியப்பன் கண்ணுக்கு உன் அண்ணன் தென்படவில்லை.

அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ பழவேற்காட்டுக்கே போய்விடு. வண்டியை நாகமுத்து ஓட்டட்டும், இல்லை விற்கட்டும், இல்லை அரசப்பனுக்கே கொடுத்துவிடட்டும். இரண்டையும் அவனே வைத்துக்கொள்ளட்டும்.

லோகநாதன்


பொன்னேரி
5-8-1971

மாமாவுக்கு,

குடம் என் கையில் இருந்தது உண்மை. அரசப்பன் தலையிலிருந்து இடுப்புவரை மஞ்சளாக நின்றதும் உண்மை. என் புடவை மஞ்சளானதும், நான் சிரித்ததும் உண்மை. மாரியப்பனுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. லாரிக்கு அடியில் மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் அண்ணனின் இரண்டு கால் தெரிந்திருக்கும். அவன் மல்லாந்து படுத்துக்கொண்டு கீழ்க் குழாயின் கிளிப்பைத் திருகிக்கொண்டிருந்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். முழுக்கப் படியுங்கள். படித்த பிறகு கிழிப்பதென்றால் கிழியுங்கள்.

அரசப்பன் வந்ததும் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றான். சூடானால்தான் எங்கெங்கே கசிகிறது என்று தெரியுமாம். கொஞ்ச நேரத்திலேயே ஆவி வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, "இவ்ளோ சீக்கிரம் சூடு ஏறக் கூடாதே, உள்ளே இன்னாவோ அடச்சிக்கினு கீது" என்றான். மூடியைத் திறக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஞாபகம் இருந்தது. சொன்னேன். "தொறக்காம எப்படி கோவிந்தம்மா பாக்கறது?" என்றான். ஆறட்டும் என்று காத்திருந்து, போதாதென்று ஈரச் சாக்கை மேலே போட்டுத்தான் திருகினான். ரேடியேட்டருக்கு ஊற்ற நான் குடத்தில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். மூடி கையோடு வந்தது, கூடவே தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், கை மட்டும் சிவந்துபோயிற்று. நல்ல காலம், கண் தப்பியது.

நான் முதலில் பயந்தேன். அப்புறம் வாசனை வந்தது.

டீசலையும் துருவையும் தாண்டி ஒரு வாசனை. கிச்சிலிக்கிழங்கு. நான் வெயிலில் காயவைத்து, மெஷினில் நின்று அரைத்து வந்த என்னுடைய மஞ்சள். உலகத்தில் எல்லா மஞ்சளும் ஒன்றாக மணக்கலாம், என் மஞ்சள் எனக்குத் தெரியாதா? புடவைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். அதேதான். இத்தனை நாளாக நான் சாராள் முகத்தில் பூசிப் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சள், உங்கள் ரேடியேட்டரில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. அப்போதுதான் சிரித்தேன். ஹாரன் எதுவும் என் காதில் விழவில்லை. அரசப்பன் எரிகிற கையை உதறிக்கொண்டு, "இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்று கேட்டான்.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றிப் பின்கட்டுத் தொட்டிக்கு எடுத்துப் போனோம். சோடா உப்புத் தண்ணீர் விட்டு அலசி, கம்பி விட்டுக் குத்தினான். சாயங்காலம்வரை மஞ்சள் களி களியாக வந்தது. "லாரிக்காரங்க ஒரு கரண்டி மஞ்சத்தூளு போடுவாங்க, சின்ன ஓட்டைன்னா அடைச்சிக்கும். இது இன்னா, கல்யாணத்துக்கு ஆக்கின மாதிரி கீது? ஓட்டைய உட்டுட்டு மத்த குழாயெல்லாம் அடைச்சிக்கினு கீது" என்றான். அதற்கப்புறம் இரண்டு வாயையும் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, அண்ணன் சைக்கிள் பம்பால் காற்றடித்தான். குமிழி வந்த இடத்திலெல்லாம் நான் சுண்ணாம்பால் பொட்டு வைத்தேன். பொட்டு வைத்த இடத்திலெல்லாம் அரசப்பன் ஈயம் பற்றவைத்தான். மறுபடி முக்கினோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

மூடியை மாட்டும்போது அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "லோகநாதண்ணனுக்கு ஓட்டைன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரியாம யாரும் மஞ்சத்தூளு கொட்ட மாட்டாங்க. அப்புறம் இன்னாத்துக்கு ஓட்டையே இல்லைன்னு கார்டு போட்டாரு?" என்றான்.

மாமா, நான் அப்போது சொன்னேன்: "மஞ்சத்தூள அவரு போடல. நான்தான் போட்டேன். அஞ்சம்மா சொன்னா, கொட்டிட்டேன்." அரசப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "பொம்பள ரிப்பேரு" என்றான். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். இப்போது ஊரில் நான் ரேடியேட்டரில் சாம்பார் வைத்தவள். அன்று நைனா வீட்டு வாசலில் அவன் சொன்னது சரி, நீங்கள் செய்தது தப்பு என்று அவன் வாயால் வரக் கூடாது என்பதற்காக அந்தச் சிரிப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் உங்கள் கடிதம் வந்தது. இரண்டையும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று.

அந்த மஞ்சத்தண்ணியை யார் ஊற்றியது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள். கரைத்தது நீங்கள். நிரப்பியது நீங்கள். மூடி போட்டு வைத்ததும் நீங்கள். எங்கள் மேல் விழுந்தபோது நீங்கள் இங்கே இல்லை, அவ்வளவுதான்.

என் துணிகளை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். பழவேற்காட்டுக்குப் போவதற்கு எனக்கு நீங்கள் வழி சொல்லவேண்டியதில்லை. ஆடி முடியும்வரை இருப்பேன். அதற்குள் உங்களிடமிருந்து என்ன வருகிறதென்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவேன்.

கோவிந்தம்மா


புத்தூர்
10-8-1971

என் கோவிந்தம்மாவுக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். களி களியாக வந்த இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நீ பழியை ஏற்றுக்கொண்ட இடத்தில் நிறுத்திவிட்டாள். "நீ மனுசனாடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஓட்டை இருந்தது. வாங்கிய மறுமாசமே தெரியும். தெரிந்த அன்றே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ உன் நைனாவிடம் சொல்வாய், அவர் அவனிடம் சொல்வார். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அதனால் கரண்டி கரண்டியாகப் போட்டேன். கடைசி நடையில் கரண்டி போதவில்லை, டின்னையே கவிழ்த்தேன். தடாவில் நிறுத்தியது சாராளுக்காக அல்ல. ரோட்டோரமாகக் கைப்பம்பு இருப்பது அவள் கடையில்தான், வாளியும் கொடுப்பாள். அவள் எனக்கு வைத்திருக்கிற பெயர் 'தண்ணி லாரி'. "வந்துட்டியா தண்ணி லாரி" என்று எல்லார் முன்னாலும் கூப்பிடுவாள். விழுந்த அன்றும் அந்த வாளியோடுதான் விழுந்தேன். இதை உன்னிடம் சொல்வதைவிட நீ சந்தேகப்படுவதே மேல் என்று இருந்துவிட்டேன். அவ்வளவு வீம்பு எனக்கு.

இப்போது செய்ததைச் சொல்கிறேன். அரசப்பனுக்கு நேற்று ஒரு கடிதம் போட்டேன். 'ரேடியேட்டரில் மஞ்சள் போட்டவன் நான். கோவிந்தம்மா இல்லை. நீ அன்றே சொன்னாய், நான் கேட்கவில்லை. கை எப்படி இருக்கிறது?' இவ்வளவுதான். போஸ்ட் கார்டில் எழுதினேன். சோழவரம் போஸ்ட்மேன் எந்த டீக்கடையில் படித்தாலும் படிக்கட்டும். மாரியப்பன் நேற்றுத் திரும்பி வந்தான், அவனிடமும் சொன்னேன். அவன் ரோடு முழுக்கச் சொல்லிவிடுவான்.

ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அது போகவில்லை. நீ பொட்டு வைத்த இடத்திலெல்லாம் அவன் பற்றவைத்தான் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். பொட்டு வைக்காமல் விரலால் காட்டியிருக்கக் கூடாதா?

ஒன்று கேட்க வேண்டும், எழுதக் கூச்சமாக இருக்கிறது. பழவேற்காட்டில் அன்று எல்லார் மேலும் மஞ்சத்தண்ணி விழுந்தது. முறைப் பையன்கள், தெருவில் போனவன், ஒரு நாய்கூட நனைந்தது. புது மாப்பிள்ளை என்று என்னை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டார்கள். நான் அந்த வெள்ளைச் சட்டையோடு ஒரு கறையும் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அதுதான் விஷயம். நாலு வருஷமாக நான் அரசப்பனைத் திட்டியதெல்லாம் அதற்காகத்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் கோல் ஊன்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். பொன்னேரியில் இறங்குவதா பழவேற்காட்டில் இறங்குவதா என்று நீதான் எழுத வேண்டும். எங்கே நீ இருக்கிறாயோ அங்கே இறங்குகிறேன்.

லோகநாதன்


பொன்னேரி
17-8-1971

மாமாவுக்கு,

போஸ்ட் கார்டில்தான் எழுதுகிறேன், போஸ்ட்மேனும் தெரிந்துகொள்ளட்டும். இன்று விடியற்காலை வண்டி கும்மிடிப்பூண்டிக்குச் செங்கல் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை, கோழிகள் ஏமாந்து சுற்றுகின்றன. அரசப்பன் உங்கள் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். அவன் கை ஆறிவிட்டது. மூட்டையைப் பிரித்துவிட்டேன். மஞ்சள் புதிதாக அரைத்தாயிற்று. ஆடி முடிந்துவிட்டதென்று அஞ்சம்மாள் சொல்கிறாள், சொல்லட்டும். பொன்னேரியிலேயே இறங்குங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

கோவிந்தம்மா